எண்பதுக்கு மாட்டிய புது மீட்டர்

அலுவலகத்தில் அவருக்கு 'எண்பது' என்று பெயர். பைக்கை எண்பதுக்குக் குறைத்து ஓட்டினால் தனக்கு மூச்சு முட்டும் என்று பதினோரு வருடமாகச் சொல்லிவந்து, அவரே சம்பாதித்துக்கொண்டது. சாட்சி, பழைய மீட்டரின் முள். எண்பதைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும். வண்டி நின்ற பிறகும் ஆட்டம் அடங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முள் கழன்று விழுந்தது. எண்பது டிஜிட்டலுக்கு மாறினார்.

மீட்டர்காரர் முன்சக்கரத்தில் ஒரு காந்தத்தைப் பொருத்தி, வயர் இழுத்து, புதியதை மாட்டினார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிய எண்பது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

"என்னங்க, ஐம்பதைத் தாண்ட மாட்டேங்குது. பழைய பீஸைத் தள்ளிவிட்டுட்டீங்களா?"

"பீஸ் புதுசு சார். வேகந்தான் பழசு."

"நாளைக்கு எங்க ஸ்டோர்கீப்பர் பின்னாடி உட்கார்ந்து வர்றாரு. புது மீட்டரைப் பார்க்கணுமாம். மானம் போயிடுமே!" குனிந்து பார்த்தார். "ஆமா, இதுக்கு எப்படி வேகம் தெரியுது?"

"சக்கரம் ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம்னு நாம சொல்லணும். உங்களுது நூத்தித்தொண்ணூறு சென்டிமீட்டர். காந்தம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணி, அது பெருக்கிக்கும்."

"அப்ப நாம சொல்றதை அப்படியே நம்பிடுமா?"

"பாவம், அதுக்கு வேற யாரைத் தெரியும்?"

எண்பதின் முகம் மலர்ந்தது. இருவரும் பட்டனைத் தட்டித் தட்டி அளவைக் கூட்டிப் பார்த்ததில் முந்நூற்று நான்கு சென்டிமீட்டரில் ஐம்பது எண்பதானது.

"சார், இது லாரி டயர் அளவு."

"இருக்கட்டும்."

மறுநாள் ஸ்டோர்கீப்பர் இறங்கியதும் வண்டியை விட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார். "ஒரு தடவை செத்தது போதும்பா!" என்றார். வழியில் ஒரு முட்டை வண்டி அவர்களை முந்திப்போனதை இருவருமே கவனிக்கவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டிய கணக்கு வீட்டில் மனைவியின் பொறுப்பு. சனிக்கிழமை மாலை புது மீட்டரில் ஓடிய தூரத்தைப் பார்த்தாள்.

"ஆபீஸ் போய் வர இருபது கிலோமீட்டர். ஆறு நாளைக்கு நூத்திருபது. இது நூத்தித்தொண்ணூத்திரெண்டு காட்டுது. மிச்ச எழுபத்திரெண்டுக்கு எங்கங்க போனீங்க?"

"அது... மீட்டர் கொஞ்சம் கூடுதலாக் காட்டும்மா."

"தூரத்தை மட்டுமா, வேகத்தையுமா?"

எண்பது மனதுக்குள் கணக்குப் போட்டார். வேகம் நிஜமென்றால் எழுபத்திரண்டும் நிஜம். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று கழுத்தைப் பிடிக்கும்.

"வேகத்தையுந்தான்," என்றார், ஈனஸ்வரத்தில்.

"அதானே! பத்து கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் எடுத்துக்கிறவரு எண்பதுல போறாராம்!"

ஞாயிறன்று மீட்டர்காரர் கடையில் டேப்பைப் பிடித்து டயரை அளந்தது அவள்தான். நூற்றுத்தொண்ணூறு.

திங்களன்று எண்பது அலுவலகத்தில் அறிவித்தார்: "வீட்ல கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இனிமே ஐம்பதுதான்."

நிம்மதியடைந்த ஸ்டோர்கீப்பர் மாலையில் தைரியமாக ஏறிக்கொண்டார். மீட்டரைப் பார்க்க வேண்டிய அவசியமில்லாததால் சாலையைப் பார்த்தார். முட்டை வண்டி முந்திப்போனது.

"ஏம்ப்பா," என்றார் யோசனையாக, "அன்னைக்கும் காத்து இவ்வளவுதானே அடிச்சுது?"