பதினாறை ஐந்தால் பெருக்கு

தொலைபேசி அலறிய அலறலில் லேசியாவின் கையிலிருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஓரெஸ்ட் சார் இருக்காரா? மளிகைக் கடைப் போட்டியில அவர் பேரு விழுந்திருக்கு. ரெண்டு பேர் ஹாலிஃபாக்ஸ் போய்வர விமான டிக்கெட்!" என்றாள் ஒரு பெண்.

லேசியா தொலைபேசியை நெருங்கி வந்தாள். மகள் ரொக்சானா இருப்பது ஹாலிஃபாக்ஸில்தான். பேத்தி பிறந்து ஐந்து மாதமாகியும் இன்னும் முகம் பார்க்கவில்லை.

"ஆனா ஒரு கணக்கு கேட்பேன், அவரேதான் பதில் சொல்லணும். சும்மா பேரை எடுத்துப் பரிசு குடுத்தா லாட்டரி ஆயிடும். கடைக்காரங்க லாட்டரி நடத்தினா கனடாவுல குற்றம். கணக்குப் போட்டு ஜெயிச்சா போட்டி. பக்கத்துல யாரும் உதவக் கூடாது."

போட்டிச் சீட்டில் லேசியா தன் பெயரை எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? எதுவானாலும் கணவர் ஓரெஸ்டின் பெயரை எழுதியே நாற்பது வருடப் பழக்கம்.

இரண்டு மாதமாக ஓரெஸ்ட் சரியில்லை. செருப்பை ஃப்ரிட்ஜில் வைக்கிறார். வீட்டுக்கு வழி தெரியாமல் பக்கத்துத் தெருவில் நிற்கிறார். மகளிடம், "வயசானா வர்ற மறதிதான்டி" என்று மழுப்பி வைத்திருந்தாள். இந்தக் கணக்கை மட்டும் போட்டுவிட்டால், அது வெறும் மறதியேதான்.

ஓரெஸ்ட் மேசையருகே வந்து உட்கார்ந்தார். "முப்பத்தோரு வருஷம் கோதுமை எடை போட்டவன்கிட்டயே கணக்கா? கேளும்மா. தப்பாக் கேட்டா உனக்கு முட்டை மார்க்கு!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பதினாறை அஞ்சால பெருக்குங்க. நாற்பதைக் கூட்டுங்க. நாலால வகுத்து, ஏழைக் கழிச்சுடுங்க."

ஓரெஸ்ட் ஜன்னலுக்கு வெளியே பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். லேசியாவுக்கு விடை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏப்ரனை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எண்பது... நூத்தி இருபது... முப்பது." விரலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "இருபத்து மூணு!"

"சரியான விடை சார்!"

லேசியா அப்படியே நாற்காலியில் சரிந்து விம்மினாள். ஒன்றுமில்லை, அவருக்கு ஒன்றுமே இல்லை. இனி மகளிடம் கூசாமல் பேசலாம்.

"உங்ககூட யாரு சார் வர்றாங்க? பேரு எழுதணும்."

"என் பொண்டாட்டி லேசியாதான், வேற யாரு?" என்ற ஓரெஸ்ட், எதிரே அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவ கடைக்குப் போனவ, இன்னும் வரல. இங்க ஒரு அம்மா உக்காந்து அழுதுட்டிருக்காங்க, பாவம், யாருன்னுதான் தெரியல."