நீலத்தின் மேல் போட்ட பழி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது குருபரப்பள்ளி முழுக்கத் தெரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் பன்னிரண்டு வருடமாக ஸ்டார்ட்டர், டைனமோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். லாரிக்காரர்கள் என்னை 'டைனமோ எஸ்லின்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சரி செய்து கொடுத்த ஸ்டார்ட்டர் திரும்பி வந்ததில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றலை மாதம்மாள் பெரியம்மா ஒரே பேச்சில் கவிழ்த்துவிட்டார்.

"வண்டிக்கு அந்தக் கலரு ஒத்துக்கல எஸ்லினு. நீ எத்தினி தடவ ஸ்டார்ட்டரப் பிரிச்சாலும் அது கெளம்பாது."

வண்டி என்பது மண் அள்ளுகிற பொக்லைன். மாதம்மாள் பேரில் இருக்கிறது. அவருடைய மூத்த மகன் சுபாஷ் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். வண்டியை ஓட்டுவது மருமகள் பூங்கொடி. லிவரைப் பிடித்தால் தென்னங்கன்றுக்குக் குழி தோண்டுகிற மாதிரி நறுக்கென்று தோண்டுவாள். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மஞ்சள் பெயிண்ட் அடிப்பது அந்த வீட்டு வழக்கம். இந்த வருடம் பூங்கொடி மயில் நீலத்தை அடித்துவிட்டாள். அத்தனை மஞ்சள் வண்டிகளுக்கு நடுவில் தன் வண்டி மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பூஜைக்கு நானும் போயிருந்தேன். பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு, கலர் ஜோராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லைட்டும் மங்கிப்போனது. பேட்டரி போய்விட்டது என்று புதிதாக இரண்டு பேட்டரி வைத்தார்கள். அப்போதும் 'டக்'. பூங்கொடி என்ஜினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி பைக்கில் வைத்துக் கட்டி என் கடைக்குக் கொண்டு வந்தாள். பெஞ்சில் வைத்து கரண்ட் கொடுத்தேன். பம்பரமாகச் சுற்றியது. கொண்டு போய் மாட்டினாள், 'டக்'. மறுபடி கொண்டு வந்தாள். பிரஷ் மாற்றினேன், சொலினாய்டு சுவிட்சும் மாற்றினேன். பெஞ்சில் பம்பரம், வண்டியில் 'டக்'. எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

இதற்குள் கலர் கதை டீக்கடை வரை போய்விட்டது. டீ ஆற்றுகிற அழகர்சாமி கூட, நீலம் சனி பகவானுக்கு உரியது என்று எனக்குப் பாடம் எடுத்தார். டீயை மட்டும் ஆற்றும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவும் அது இல்லை. கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே கால்வாயில் வண்டல் அள்ளுகிற வேலை பூங்கொடிக்குக் கிடைத்திருந்தது. அவள் தனியாகப் பேசிப் பிடித்த முதல் பெரிய வேலை. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வண்டியை ஏற்றிப்போக ட்ரெய்லர் வரும். ஏறவில்லையென்றால் வேலை வேறு வண்டிக்குப் போய்விடும். மாதம்மாளும் முடிவாகச் சொல்லிவிட்டார்: அன்றைக்குக் கிளம்பாவிட்டால் மறுநாளே மஞ்சள் அடித்து, வண்டியைச் சின்ன மகன் கையில் கொடுத்துவிடுவாராம். பூங்கொடி வீட்டில் இருந்தால் போதுமாம்.

வியாழக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டி நின்ற இடத்துக்கே போனேன். இத்தனை நாளும் போகாதது என் கொழுப்பு. ஸ்டார்ட்டர் என் பெஞ்சில் சுற்றினால் போதும், மற்றதெல்லாம் அடுத்தவர் பாடு என்று இருந்துவிட்டேன். பூங்கொடி அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். மாதம்மாள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

பூங்கொடியைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். வோல்ட் இறங்கவே இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட்டர் நன்றாக இருப்பது எனக்கே தெரியும். அப்படியானால் போகிற கரண்ட் திரும்பி வர வழியில்லை. மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை என்ஜினிலும் வைத்து மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட் கூடக் காட்டக் கூடாத இடத்தில், மொத்தம் இருபத்துநாலில் பதினெட்டு வோல்ட் காட்டியது.

கோளாறு எர்த் கேபிளில். மைனஸிலிருந்து வண்டியின் இரும்பு உடம்புக்குப் போகிற தடித்த கேபிள் அது. அதன் போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில் இரும்பே தெரியவில்லை. வழவழவென்று மயில் நீலம் இருந்தது. பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. இத்தனை நாள் போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போயிருக்கிறது. மழையில் மரை துருப்பிடித்ததும் அதுவும் அடைபட்டுவிட்டது.

பெயிண்டைச் சுரண்டாமல் கேபிளை மாட்டிய மடையன் யார் என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

மாட்டியது நான்தான். பூஜையன்று பெயிண்டர் பேட்டரி ஒயரையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தான். நல்ல நேரம் முடியப்போகிறது, வண்டியைக் கிளப்பி எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும் என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். நான் சுண்டல் தட்டை விட்டுவிட்டு, காயாத பெயிண்டின் மேலேயே கேபிளை வைத்து முறுக்கினேன். வண்டி கிளம்பியது, எல்லாரும் கை தட்டினார்கள். நான் அதோடு மறந்துபோனேன்.

உப்புத்தாளால் தேய்த்து, ஒரு ரூபாய் அகலத்துக்கு இரும்பு பளபளக்கும்படி செய்து, கேபிளை மாட்டினேன். பூங்கொடி சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் என்ஜின் உறுமியது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த நேரம் பார்த்து ட்ரெய்லரும் வந்தது. அத்திப்பள்ளி டிரைவர் ஹரீஷ்குமார் தலையை நீட்டி, "ஆய்தா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டான். ஆயிற்று என்று கை காட்டினேன்.

மாதம்மாள் மட்டும் அசையவில்லை. இப்போதைக்குக் கிளம்பியிருக்கலாம், வேலை முடிந்து வந்ததும் மஞ்சள் அடித்தே தீர வேண்டும், ராசியில்லாத கலர் ராசியில்லாததுதான் என்றார். பூங்கொடியின் சிரிப்பு அணைந்துபோனது.

நான் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். என் பேரும் தப்பியிருக்கும். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"கலரு மேல தப்பில்ல பெரிம்மா. பூஜ அன்னிக்கி பெயிண்டச் சொரண்டாம கேபிள மாட்னது நானு. மஞ்சளா இருந்தாலும் இதே கதிதான்."

பூங்கொடி என்ஜினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஹரீஷ்குமார் கூட வாயைப் பிளந்தான். மாதம்மாள் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தார். எனக்கு நல்ல பூசை காத்திருக்கிறது என்று நினைத்தேன்.

"நல்ல நேரம் போவுதுன்னு ஒன் கைலேர்ந்து தட்டப் புடுங்கி வெச்சது நாந்தான எஸ்லினு" என்றார்.

பூங்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்து நான், கடைசியில் மாதம்மாள். இத்தனை நாள் சண்டை அங்கேயே கரைந்தது.

பூங்கொடி மறுபடியும் ஒரே திருப்பில் கிளப்பி, வண்டியை ட்ரெய்லரில் ஏற்றினாள். மாதம்மாள் குங்குமச் சிமிழோடு வந்து, வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று நேராக நான் சுரண்டிய இடத்துக்கே கையைக் கொண்டு போனார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"அங்க மட்டும் வேணாம் பெரிம்மா."

ஒரு சாண் தள்ளி, நீலத்தின் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மஞ்சள்ல இவ்ளோ எடுப்பாத் தெரியாது" என்றார்.

மேலே பூங்கொடி ஹாரனை இரண்டு தடவை அடித்தாள்.