நல்லெண்ணெயில் தோய்த்த துணி

மூன்று பங்கு மாட்டுக்கொழுப்பு, ஒரு பங்கு தேன்மெழுகு. அதை உருக்கி, வட்டமாக வெட்டிய பருத்தித் துணிகளைத் தோய்த்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்துவோம். நூறு நூறாகத் தகர டப்பியில் அடைப்போம். இந்தக் குளிர்நாட்டில், டோர்செட் பார்க்கில், ஒரு பிளாசாக் கடைவரிசையின் பின்பக்கம். எங்கள் வேலை அவ்வளவுதான்.

ஊரில் இடியன் துவக்கு என்போமே, வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி இடிக்கிற துவக்கு, அதற்குத்தான் இந்தத் துணி. குண்டை அதில் பொதிந்து மருந்துக்கு மேலே கோலால் தள்ள வேண்டும். கொழுப்பு இருந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். இங்கே சிலர் இன்னும் அந்தத் துவக்கோடுதான் மான் வேட்டைக்குப் போகிறார்கள். முதலாளி ஜூலியனும் அப்படி ஒருவர்.

போன வருஷம் தீபாவளியோடு தோய்க்கிற ஆள் நின்றுவிட்டான். நான் துணி வெட்டுகிறவன், டப்பியில் திகதி எழுதி ஒட்டுகிறவன். டப்பி அடைக்கிற நாகேஸ்வரியைச் சட்டிக்குப் போகச் சொன்னார் ஜூலியன். மறுநாள் கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது.

"அண்ணை, ஆறு நாளும் எனக்கு விரதம். உந்த மாட்டுக்கொழுப்புச் சட்டிக்குக் கிட்டவும் போகமாட்டன்," என்றாள் என்னிடம்.

"கிளவுஸைப் போட்டுக்கொண்டு செய்யன், தங்கச்சி."

"கைக்குக் கிளவுஸ். மூக்குக்கு? பேர் மட்டும் சண்முகநாதன் எண்டு வைச்சிருக்கிறியள், சஷ்டியும் இல்லை, ஒண்டும் இல்லை."

"அப்ப ஜூலியனிட்டச் சொல்லு."

"வேலைக்கு வந்து மூண்டு மாசம் முடியேல்ல, அண்ணை. முடியமுந்தி வாயைத் திறந்தா வீட்டில நில் எண்டுவார்."

மறுநாள் அவளுடைய பையில் ஒரு பெரிய போத்தல் நல்லெண்ணெய் இருந்தது. புதுச் சட்டியும் கொண்டுவந்திருந்தாள். மெழுகைக் கொஞ்சம் போட்டு எண்ணெயை ஊற்றினாள்.

"விளக்குத்திரி உதிலதானே எரியுது. துவக்கு எரியாதோ?"

நான் பார்த்தேன். பிறகு என் துணியை வெட்டப் போனேன். நின்று நின்று முழங்கால் வீங்கியிருந்தது. வீட்டுக்குப் போகிற நினைப்புத்தான். ஆறு நாளில் நாற்பது டப்பி. நாற்பதிலும் என் கையெழுத்தில் திகதி.

சனிக்கிழமை ஜூலியன் ஒரு டப்பியைக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார். போட்டதும் சுட்டார், போட்டதும் சுட்டார். அருமை என்று வந்து சொன்னார். எண்ணெய் மணத்தை எங்கள் சாப்பாட்டு மணம் என்று நினைத்திருப்பார். நாகேஸ்வரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். டப்பிகள் விற்பனைக்குப் போயின.

இரண்டு கிழமை கழித்து, வாங்கிய ஒருவன் போன் எடுத்துக் குறை சொன்னான். விடியற்காலையில் மருந்து போட்டுக் காட்டுக்குள் குந்தியிருந்தானாம். மத்தியானம் மான் வந்து நின்றது. விசையை இழுத்தான். 'டிக்' என்று சத்தம் மட்டும், வெடிக்கவில்லை. பிறகு இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். டப்பிகள் திரும்பி வந்தன.

ஜூலியன் ஒரு துணியை எடுத்து விரலால் நசித்தார். எண்ணெய் சொட்டியது. கொழுப்பு குளிரில் இறுகித் துணியிலேயே நிற்கும். நல்லெண்ணெய் மெல்ல மெல்ல இறங்கி மருந்தை நனைத்துவிட்டது. உடனே சுட்டால் தெரியாது. காத்திருந்தவனுக்குத்தான் தெரியும்.

யார் செய்தது என்று கேட்டார். கையெழுத்து என்னுடையது, அதனால் என்னைப் பார்த்தார். எனக்கு அறுபத்தொன்று. இனி எந்த வாசல் படலையில் போய் வேலை கேட்பது? நான் நிலத்தைப் பார்த்தேன்.

"மீ," என்றாள் நாகேஸ்வரி. "சிக்ஸ் டேய்ஸ். காட். நோ கௌ."

ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார்.

"அண்ணை, சொன்னா நிப்பாட்டிப்போடுவியள் எண்டு பயம் எண்டு சொல்லுங்கோ இவருக்கு."

என் இங்கிலிஷில் சொன்னேன். சொல்லத் தொடங்கியதால் மற்றதும் வந்துவிட்டது: நானும் பார்த்தனான், பேசாமல் இருந்தனான் என்று. ஜூலியன் கொஞ்ச நேரம் டப்பியைத் திறந்து திறந்து மூடினார். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது டப்பியும் புதிதாக வேண்டும், இரண்டு பேரும் செய்யுங்கள், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார்.

சஷ்டி எப்போதோ முடிந்திருந்தது. நாகேஸ்வரி மூக்கைச் சால்வையால் கட்டிக்கொண்டு கொழுப்பில் தோய்த்தாள்.

"மான் தப்பினது நல்லதுதானே, அண்ணை? வள்ளியைப் பெத்ததே ஒரு மான்தானே."

"உதை அவருக்குச் சொல்லிப்போடாத."

வெள்ளி பின்னேரம் ஜூலியன் நாலைந்து டப்பியைத் திறந்து நசித்துப் பார்த்தார். பிறகு சுவர்க் கலண்டரை என்னிடம் நீட்டி, அடுத்த வருஷம் அந்த ஆறு நாள் எவை என்று கேட்டார். அது அமாவாசையைப் பொறுத்தது, கோயிலில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த நாட்களில் அவள் டப்பி அடைக்கட்டும், சட்டிக்கு நீ போ என்றார்.

கழித்த நல்லெண்ணெய்த் துணிகளை நாகேஸ்வரி குப்பையில் போடவிடவில்லை. அந்தக் கிழமை கார்த்திகை விளக்கீடு. ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது, பல்கனிக் காற்றிலும் திரி நின்று எரிந்ததாகச் சொன்னாள்.

நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த சஷ்டிக்குச் சட்டியடியில் நிற்க முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது.