மாஸ்டரின் கோட் பட்டன்

டெய்லர் மாஸ்டர் நீட்டிய பயிற்சி அட்டையைப் பார்த்ததும் தெரபிஸ்டுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஏழு நாளும் டிக். அதில் ஒன்று நாளைய தேதி!

"நாளைக்குச் செய்ய வேண்டியதையும் இன்னிக்கே முடிச்சிட்டீங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் அசடு வழிந்தார். முகவாதம் வந்து மூன்று மாதம். கண் மூடித் திறப்பது வழிக்கு வந்துவிட்டது. உதடுகள்தான் ஒட்டாமல் அடம்பிடித்தன. டீ குடித்தால் பாதி சட்டைக்கு. வெட்கம் தாங்காமல், வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். மூன்று வேளையும் கடையில், சுவரைப் பார்த்தபடி சாப்பாடு.

"அவர் தட்டு காலியாவே கிடக்குதும்மா. எங்களுக்குச் சோறு இறங்க மாட்டேங்குது" என்றார் கூட வந்திருந்த மனைவி.

பயிற்சி செய்யச் சொல்லித் தெரபிஸ்ட் கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று. மனிதர் அசைந்தால்தானே?

"கண்ணாடி முன்னாடி உதட்டைக் குவிச்சிக்கிட்டு நிக்கணுமாம். கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

தெரபிஸ்ட் மேஜை இழுப்பறையிலிருந்து நூல் கட்டிய சட்டைப் பட்டனை எடுத்தாள். "இதைப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவுல வைங்க. நூலை இழுப்பேன். உதட்டாலயே பிடிச்சுக்கணும்."

மாஸ்டர் அதைப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "இதெல்லாம் ஒரு முடிச்சா? பட்டனும் சின்னது." தன் பையைத் துழாவிப் பெரிய கோட் பட்டன் ஒன்றை எடுத்து, கழுவி, இரட்டை நூல் கோத்து இறுக்கினார். பயிற்சிக்கென்று தானாக அவர் கை வைத்தது அன்றுதான். தெரபிஸ்டுக்குப் பொறி தட்டியது. நூலின் நுனியை மனைவியிடம் கொடுத்தாள்.

"தோத்தவங்க பாத்திரம் கழுவணும்."

மனைவி ஒரே இழுப்பு. பட்டன் தெறித்து விழுந்தது.

"இன்னொரு தடவை!" மாஸ்டர் எகிறினார்.

அடுத்த மாதம் அட்டையே வரவில்லை. "அட்டை எதுக்கு? தினமும் பாத்திரம் கழுவறேன், அதுவே கணக்கு" என்றார் மாஸ்டர். "நேத்துதான் முதல் தடவையா ஜெயிச்சேன்."

மனைவி தலை குனிந்துகொண்டார். "பாவமா இருந்துச்சு. நான் மெதுவாத்தான் இழுத்தேன்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "யார் உன்னை விட்டுக்கொடுக்கச் சொன்னது? இப்ப இழு!" பட்டனை உதட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

மனைவி முழு பலத்தோடு இழுத்தார். உதடுகள் வெளுத்தன, கன்னம் நடுங்கியது, பட்டன் வரவில்லை. தெரபிஸ்ட் விநாடி எண்ண மறந்து நின்றாள். கடைசியில் மனைவிதான் நூலை விட்டார். கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்கு எங்ககூட உக்காந்து சாப்பிடுவீங்களா?"

வாயைத் திறந்தால் பட்டன் விழுந்துவிடும். மாஸ்டர் உதட்டை இறுக்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.