இந்த மெஷினுக்கு லேசானது போதும்

என் கம்ப்யூட்டர் ஒரு நாளும் இன்டர்நெட்டைக் கண்டதில்லை. அதனால்தான் எனக்கு வேலையே கிடைத்தது. கூத்தாநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆறு பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சைக் கேள்வித்தாளை நான்தான் தமிழில் அடித்துக் கொடுத்தேன். கேள்வி வெளியே கசியக் கூடாது என்று, நெட் இல்லாத மெஷினாகத் தேடி வந்தவர் தலைமையாசிரியர் பெரியநாயகசாமி. இது 2007. என் வீட்டுக்காரர் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவார். மிச்ச நாளெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வருகிற போன்தான் எனக்குப் புருஷன்.

முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வருகிறவர்கள் என்னைத் தஹ்மீனா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளே போனால் நான் ஜாஃபர் பொண்டாட்டி. எனக்கு முன்னறைதான் பிடித்திருந்தது. என்ன ஆனாலும் அந்த வேலையை விடுவதில்லை என்று இருந்தேன்.

நெட் இல்லாவிட்டால் என்ன, பென் டிரைவ் இருக்கிறதே. ஒரு வாத்தியார் கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் இறங்கிவிட்டது. அடித்து வைத்த ஃபைலெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போயின. நீடாமங்கலத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெரால்ட் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தார். என் மாமி, வீட்டுக்காரரின் உம்மா, பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் தஸ்பீஹ் மணிமாலையோடு உட்கார்ந்துகொண்டார்.

ஃபைல்களை மீட்டுவிட்டு ஜெரால்ட் அண்ணன் சொன்னார்: "இது பழைய மெஷின்மா. பெரிய ஆன்டிவைரஸ் போட்டா அதுவே மெமரி முழுக்க ஒக்காந்துக்கும், அப்புறம் நீங்க வேலை பாக்க எடம் இருக்காது. அதோட தினம் நெட்ல அப்டேட் கேக்கும். கெடைக்கலன்னா ஒரு மாசத்துல அதுக்குக் கண்ணு தெரியாது. நான் போட்டிருக்கற இது சின்னது. சும்மா கெடக்கும். நீங்க பாக்கச் சொன்னாத்தான் பாக்கும். அப்டேட்டை நான் சனிக்கிழமை சனிக்கிழமை பென் டிரைவ்ல கொண்டாந்து போட்டுடறேன்."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "உங்க தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் நீங்க தட்டுற எழுத்தையெல்லாம் புடிச்சுத் தமிழா மாத்துது. பாஸ்வேர்டு திருடுற வைரஸும் அப்படித்தான் புடிக்கும். சில ஆன்டிவைரஸ் இதையே திருடன்னு நெனச்சுக்கும். எதையாவது அழிக்கவான்னு கேட்டா, பேரைப் படிக்காம அமுக்கிடாதீங்க."

நாலு சனிக்கிழமை வந்தார். பத்து நிமிஷ வேலை, மாமி கொடுக்கிற ஒரு டீ, அவ்வளவுதான். மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்த சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை போனில் வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன்.

"சனிக்கிழமை சனிக்கிழமை வர்றானா?" என்றார்.

"மாமி பக்கத்துலயேதான் இருக்காங்க. வேணும்னா கேளுங்க."

"யாரையும் கேக்க வேணாம். அந்த ஆளு இனிமே நம்ம வாசப்படி ஏறக் கூடாது. இங்கேருந்து ஒரிஜினல் அனுப்புறேன்."

அனுப்பினார். லீவில் வந்த கொழுந்தன் சுஹைபின் பெட்டியில் கோடாலித் தைலம், டாங் பவுடர், நடுவில் பளபளவென்று ஓர் ஆன்டிவைரஸ் டப்பா. சுஹைபும் ஷார்ஜாதான், ஸ்டோர் கீப்பர். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் மூட்டை எண்ணுகிறான். ஊருக்கு வந்ததும் எஞ்சினியர் ஆகிவிட்டான்.

"தம்பி, இந்த மெஷின் இதைத் தாங்காது" என்றேன்.

"நீங்க பேசாம இருங்க மச்சி. அண்ணன் சொல்லியிருக்காங்க." எங்களில் அண்ணியை மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஜெரால்ட் அண்ணன் போட்டதை முதல் வேலையாக எடுத்தெறிந்தான். டப்பாவில் இருந்ததை ஏற்றினான். மெஷின் திரும்ப எழுந்திரிப்பதற்குள் அவனுக்குக் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பிறகு திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்து, ஒன்பது பெயரைக் காட்டி, அழிக்கவா என்று கேட்டது. "இரு, பேரைப் படிச்சுக்கறேன்" என்று நான் கையை நீட்டுவதற்குள் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிவிட்டான். என் தமிழ் போயிற்று. திரும்ப ஏற்றுவதற்கு அதே மெஷினில் வைத்திருந்த நகலும் போயிற்று. அது கள்ளக் காப்பி, மெஷின் விற்ற கடைக்காரன் போட்டுக் கொடுத்தது. அந்தக் கடையே இப்போது இல்லை. இனி இருப்பது, ஃபைல்களை மீட்ட அன்றைக்கு ஜெரால்ட் அண்ணன் சி.டி.யில் எடுத்து வைத்துக்கொண்ட நகல் மட்டும்தான். அரையாண்டுக் கேள்வித்தாள் திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா, சரி விடு. ஒனக்கு எதுக்கு இந்தத் தொல்லை" என்றார். குரலில் துளி வருத்தம் இல்லை.

ஜெரால்ட் அண்ணன் எங்கள் வாசற்படி ஏறக் கூடாது, சரி. மெஷின் அவர் வாசற்படி ஏறலாமே. மறுநாள் காலையில் மழை. கம்ப்யூட்டரை உரச்சாக்கில் சுற்றினேன். "நானும் வர்றேன்" என்று மாமி புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டார். மன்னார்குடியில் பஸ் மாறி, மடியில் அதைப் பிள்ளை போல வைத்துக்கொண்டு நீடாமங்கலம் போய் இறங்கினோம்.

கடையில் ஜெரால்ட் அண்ணனின் மனைவி பாத்திமா மேரி இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெரால்ட் அண்ணன் சாக்கைத் தொடவேயில்லை.

"எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. உங்க வீட்டுக்காரரு போன் பண்ணாரு. எடுத்தது இவ. அவர் கேட்டதை நான் என் வாயால சொல்ல மாட்டேன்."

மாமிதான் பேசினார். "ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்துலயே இருந்தேனே தம்பி."

"உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மூணு நாளா எங்க வீட்டுல சோறு பொங்கல."

"அந்த சி.டி.யையாவது குடுங்கண்ணே. நானே போட்டுக்கறேன்."

பாத்திமா மேரி அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "இங்கேருந்து ஒரு துரும்புகூட உங்க வீட்டுக்கு வர வேணாம். தயவு பண்ணிப் போயிடுங்க."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமை கேள்வித்தாள் கையெழுத்துப் பிரதிகளைக் கவரில் போட்டு ஒட்டி, தலைமையாசிரியரிடம் திருப்பிக் கொடுத்தேன். மெஷின் கெட்டுவிட்டது என்றேன். "இனிமே மன்னார்குடியிலயே குடுத்துக்கறோம்மா" என்றார். அவரும்தான் என்ன செய்வார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. மனுஷன் ஒரே உற்சாகமாகப் பேசினார். "இனிமே நிம்மதியா இரு. முன்னறையைப் பூட்டிப் போடு. கண்டவனும் வீட்டுக்கு வர வேணாம்."

"பூட்டிட்டேன். இனிமே இந்த வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. நீங்களும் வராதீங்க."

மாமி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். மகனுக்குச் சமாதானம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"காதுல விழுந்துச்சுல்ல ஜாஃபர்?" என்று கேட்டார். மகன் பதில் சொல்வதற்கு முன்னால் போனை வைத்துவிட்டார்.