அண்ணன் படம் போட்ட பனியன்

கிறிஸ்துராஜ் இறந்த முதல் வருஷ நினைவுத் திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொக்கநாதன் அந்தப் பேச்சை எடுத்தார். தல்லாகுளத்தில் கிறிஸ்துராஜோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர். டயாலிசிஸ் செய்கிற ஏழைகளுக்கு உதவுவதற்காக, கிறிஸ்துராஜ் பெயரில் ஒரு சைக்கிள் பயணம். தல்லாகுளத்தில் கிளம்பி வாடிப்பட்டி வரை போய்த் திரும்புவது. வழியெல்லாம் உறுப்பு தானத்தைப் பற்றிச் சொல்வது.

கிறிஸ்துராஜின் மனைவி ஜெனி பதில் சொல்லுமுன்னே, “நான் இருக்கேண்ணே. பயிற்சி முழுக்க என் பொறுப்பு” என்றான் ஆன்றோ.

ஆன்றோ கிறிஸ்துராஜின் தம்பி. ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். ஜெனி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. அது நிஜமான கலக்கம்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஏனென்றால், கிறிஸ்துராஜுக்கு ஒரு கிட்னி கொடுக்க வேண்டியவனும் அவன்தான். ஜெனிக்குச் சர்க்கரை இருந்ததால் அவளுடையதை எடுக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தம்பியுடையது எல்லா விதத்திலும் பொருந்தியது. “என் அண்ணனுக்கு இல்லாததா?” என்று வீட்டுப் பெரியவர்கள் எல்லார் முன்னாலும் சொன்னான். ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அன்று காலையில் அவன் வரவில்லை. போன் அணைந்திருந்தது. சாயங்காலம்தான் தெரிந்தது, மனைவி அமலியைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறான். மூன்றாம் நாள் ஒரு பாட்டில் மந்திரித்த எண்ணெயோடு வந்து அண்ணன் கட்டில் ஓரமாக நின்றான். கிறிஸ்துராஜ் அந்த எண்ணெயை வாங்கி நெற்றியில் தடவிக்கொண்டார். அவன் போன பிறகு, “அவன எதுவும் கேக்காத ஜெனி. பயந்துட்டான்” என்றார். அடுத்த தவக்காலத்தைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை.

ஜெனி கேட்கவில்லை. மகள் தமிழ்வாணியிடமும் சொல்லவில்லை. அப்பாவை இழந்த பிள்ளைக்குச் சித்தப்பாவாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். சைக்கிள் பயணத்துக்கும் மகளுக்காகத்தான் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியலில் கோச்சடையில் கூடினார்கள். ஆன்றோ, அமலி, சொக்கநாதன், அவருடைய மகள் தீப்தி, ஆபீஸ் ஆட்கள் சிலர். மேலக்கால் ரோட்டில் துவரிமான் தாண்டிப் போய்த் திரும்புவார்கள். எல்லாருக்கும் மஞ்சள் பனியன். முதுகில் கிறிஸ்துராஜின் படம், நோய் வருவதற்கு முன் எடுத்தது. முன்னால் போகிறவர்களின் முதுகிலெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே போனார். பின்னால் வந்த ஜெனி அதைப் பார்த்துப் பார்த்து மிதித்தாள்.

தமிழ்வாணி பிளஸ் ஒன் படிக்கிறாள். ஸ்கூட்டி ஓட்டுவாள், சைக்கிள் பழகியதில்லை. ஆன்றோதான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். “ரோட்டப் பாரு, ஹேண்டிலப் பாக்காத. நான் விடமாட்டேன், நீ பாட்டுக்குப் போ.” அவள் விழுந்தபோது முழங்காலைக் கழுவி மருந்து போட்டான். ஒரே மாதத்தில் கியர் வைத்த சைக்கிளில் அவளை ஏற்றிவிட்டான். அவள் எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜெனி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் கண் ஆன்றோவின் இடுப்பிலேயே போய் நின்றது. பாலத்து ஏற்றத்தில் மற்றவர்கள் இறங்கித் தள்ளும்போது அவன் நின்றுகொண்டே மிதித்து ஏறுவான். மேலே போய் மூச்சுக்கூட வாங்காமல் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பான். கிறிஸ்துராஜ் கடைசி நாட்களில் டம்ளரில் அளந்து ஊற்றிய தண்ணீரை நாக்கில் நனைத்து நனைத்துக் குடித்தவர். ஆன்றோவின் முதுகிலும் அவர் படம் இருந்தது.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நிஜமான பாதையிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று சமயநல்லூர் வரை போனார்கள். டீக்கடையில் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, சொக்கநாதன் சொல்லிவைத்திருந்த ஒரு யூடியூப் பையன் மைக்கோடு வந்தான். ஆன்றோவின் முன்னால் மைக்கை நீட்டி, “அண்ணனப் பத்திச் சொல்லுங்க சார்” என்றான்.

“எங்கண்ணன் எனக்கு அப்பா மாதிரி” என்று ஆரம்பித்தான் ஆன்றோ. “என் கிட்னியக் குடுக்க நான் ரெடியாத்தான் இருந்தேன். எல்லா டெஸ்டும் முடிஞ்சிருச்சு. ஆண்டவர் எங்களுக்கு டைம் குடுக்கல. அந்தக் கொறையத் தீக்கத்தான் இந்தச் சைக்கிள மிதிக்கேன்.”

குரல் உடைந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். சொக்கநாதனுக்கு நடந்தது அத்தனையும் தெரியும். அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்வாணி ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பையன் அதையும் எடுத்துக்கொண்டான்.

திரும்பும்போது ஜெனி வேண்டுமென்றே பின்தங்கினாள். பரவைக் கண்மாய் ஓரத்தில் மகளை நிறுத்தினாள்.

“சித்தப்பா எம்புட்டு நல்லவரும்மா. நீ ஏம்மா இத எனக்குச் சொல்லவே இல்ல?” என்றாள் தமிழ்வாணி.

ஜெனியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அணைந்து கிடந்த போன், வேளாங்கண்ணி, எண்ணெய் பாட்டில், “பயந்துட்டான்” என்று கிறிஸ்துராஜ் சொன்னது, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. முடித்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தபோதுதான், அது எங்கே இறங்கியது என்று தெரிந்தது.

தமிழ்வாணி அழவில்லை.

“சித்தப்பாவுக்குச் சீக்கு வந்து, அப்பா குடுக்கிறதா இருந்தா, நீ விட்டிருப்பியாம்மா?”

லாரி ஒன்று கடந்து போனது. பொய் சொல்ல அவகாசம் இருந்தது. ஆனால் ஜெனிக்கு வாய் வரவில்லை.

“விட்டிருக்க மாட்டேன்” என்றாள். “ஆனா மைக்குக்கு முன்னாடி போயி நின்னுருக்க மாட்டேன்.”

“அப்ப அத அவர்ட்ட சொல்லு. என்ட்ட ஏன் சொன்ன?”

தமிழ்வாணி சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். ரோட்டைப் பார்த்துத்தான் போனாள், நன்றாகப் பழகியிருந்தாள்.

மறுநாள் ஆன்றோ பள்ளி விட்டு வந்திருக்கும் நேரம் பார்த்து ஜெனி அவன் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

“வாங்க மதினி” என்றான்.

“நீ குடுக்காததுக்கு நான் ஒன்னையும் கேக்கல ஆன்றோ. இனியும் கேக்க மாட்டேன். ஆனா அந்தப் பொய்ய மேடையில சொல்லாத. அவரு படத்தப் போட்டுக்கிட்டுச் சொல்லாத.”

அவன் நிமிரவில்லை. அமலிதான் உள்ளேயிருந்து வந்தாள். “ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு நான்தான்க்கா போக விடல. வையிறதுன்னா என்னைய வையுங்க. அவர ஊரு முன்னாடி அசிங்கப்படுத்திராதீங்க.”

“நான் எங்கே அசிங்கப்படுத்தினேன் அமலி? வாயத் தொறக்காம இருந்தவ நானு.”

ஆன்றோ பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தான். “கேக்குறவங்ககிட்ட எல்லாம் அப்படியே சொல்லிச் சொல்லி, எனக்கே அது நெசமாயிருச்சு மதினி” என்றான். பிறகு, “சரி, மேடையில சொல்லல” என்றான்.

அவன் வாக்கைக் காப்பாற்றினான். பயணத்தன்று தல்லாகுளத்தில் போட்டிருந்த சிறு மேடையில் அவன் வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்த வீடியோவை ஊரே பார்த்திருந்தது. தொகுப்பாளர் பெண் மைக்கைப் பிடித்து, “அண்ணனுக்காகத் தன் சிறுநீரகத்தையே கொடுக்க முன்வந்த தம்பி” என்று அறிவித்தாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஆன்றோ தலையைக் குனிந்தான். பார்த்தவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. ஒரு பெரியவர் மேடையேறி அவனுக்குச் சால்வை போர்த்தினார்.

சொக்கநாதன் ஜெனியின் பக்கத்தில் வந்து, “விட்டுரும்மா, நல்ல காரியம் நடக்கட்டும். இதனால நாலு பேரு பொழச்சா சரிதானே” என்றார்.

“சரிதாண்ணே” என்றாள் ஜெனி. அது சரிதான் என்பதுதான் அவளுக்குக் கசந்தது.

வெயில் ஏறுவதற்குள் வாடிப்பட்டியைத் தொட்டுத் திரும்பினார்கள். தமிழ்வாணி அம்மாவோடும் வரவில்லை, சித்தப்பாவோடும் போகவில்லை. நடுவில், முன்பின் தெரியாத கல்லூரிப் பெண்களுக்குள் புகுந்து ஓட்டினாள். கண்மாய் வந்தபோது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சமயநல்லூரில் ஆன்றோ தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாங்காமல் கடந்தாள். நீட்டிய கையோடு அவன் கொஞ்ச தூரம் ஒற்றைக் கையாலேயே ஓட்டிக்கொண்டு போனான். அந்த ஒரு கணம் ஜெனிக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

முடிவில் போட்டோக்காரர் குடும்பத்தை மட்டும் தனியே நிற்கச் சொன்னார். “பாப்பா, சித்தப்பா பக்கத்துல வாம்மா. கொஞ்சம் சிரிங்க.”

மகள் போக மாட்டாள் என்று ஜெனி நினைத்தாள். போகக் கூடாது என்று மனசுக்குள் வேண்டவும் செய்தாள். தமிழ்வாணி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போய், ஆன்றோவின் பக்கத்தில் நின்றாள். அவன் தயங்கித் தயங்கி அவள் தோளில் கை வைத்தான். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அளவான, எந்தக் குறையும் சொல்ல முடியாத சிரிப்பு. பெரியவர்கள் சிரிக்கிற மாதிரியே இருந்தது.

“சூப்பர்” என்றார் போட்டோக்காரர். “அம்மா, நீங்களும் வாங்க.”

ஜெனியும் போய் நின்றாள்.