யாஸ்மினுக்கு ஒரு தங்கச்சி

தீபாவளி சீசன் முடிந்து திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்த வாரத்தில், பைரோஜாவுக்கு நிஜாமிடமிருந்து போன் வந்தது. நிஜாம் அவளுடைய சின்னத்தா மகன், அப்பாவின் தம்பி பிள்ளை. விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவன். அவன் கூப்பிட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

"அக்கா, நம்ம குடும்பத்து ஆளுக மொத்தமும் சிறுமலைக்குப் போறோம். மேல ஒரு கேம்ப்ப ரெண்டு நாளைக்கு முழுசாப் பிடிச்சாச்சு. பிரியாணி தேக்சா, அரிசி, பாயி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போக ஒரு லோடு வண்டி வேணும். ஒங்க வண்டி கெடைக்குமா?"

பைரோஜா பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டும் கம்பெனி நடத்துகிறாள். எம். புதுப்பட்டியிலும் அச்சங்குளத்திலும் இருக்கும் பட்டாசு ஆலைகளுக்கு லோடு போடுவதற்கு சின்ன வண்டி ஒன்று வாங்கியிருந்தாள். டிரைவர் வராத நாட்களில் அவளே ஓட்டுவாள். இப்போது டிரைவர் வரும் நாட்களிலும் அவளேதான் ஓட்டுகிறாள்.

"வண்டிய மட்டுந்தான் கேக்குறியா நிஜாமு?"

நிஜாம் அவசரமாக வாடகை எவ்வளவு என்று கேட்டான்.

"வாடகையெல்லாம் வேண்டாம். நானே ஓட்டிக்கிட்டு வாரேன். யாஸ்மினும் வருவா. எங்களுக்கும் ஒரு டென்ட் சொல்லி வையி."

"அதுக்கில்லக்கா... சுஃபியான் மச்சானும் அவுக வீட்டு ஆளுகளும் வாராக."

"வரட்டும். அம்புட்டுப் பெரிய மலையில எங்களுக்கு எடம் இல்லாமலா போயிரும்?"

சுஃபியான் பைரோஜாவின் மாமி மகன். அதாவது அவளுடைய அத்தாவின் தங்கை மகன். அவளுக்குப் புருஷனாகவும் இருந்தவன். யாஸ்மினுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஜமாத்தில் வைத்துப் பிரிந்தார்கள். பெரிய சண்டை ஏதும் இல்லை. இருவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். பிறகு அவன் பர்ஹத்தைக் கல்யாணம் செய்துகொண்டான். அதிலிருந்து குடும்பத்தின் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோதல் எதற்கும் பைரோஜாவை யாரும் அழைப்பதில்லை. 'ரெண்டு பேரையும் ஒரே எடத்துல வச்சா சங்கடம்' என்று பேசிக்கொண்டு, அந்த இரண்டு பேரில் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டார்கள். அவளும் கம்பெனி வேலையில் மூழ்கி, பெரிதாக நினைக்காமல் இருந்துவிட்டாள்.

பெரிதாக நினைத்தவள் யாஸ்மின்தான். போனை வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப ரிஸ்வானாவும் வருவாளாம்மா?"

ரிஸ்வானா பர்ஹத்தின் மகள். ஏழு வயது. அத்தா வழியில் தனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்பது யாஸ்மினுக்குத் தெரியும். ஆனால் சொந்தக்காரர்களின் போனில் ஓடும் ஸ்டேட்டஸ் படங்களில் பார்த்ததோடு சரி. சுஃபியான் பெருநாளுக்குப் பெருநாள் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவான். சின்னவளை ஒருநாளும் கூட்டிவந்ததில்லை.

"வருவா. அவளப் பாக்கத்தான நாம போறோம்" என்றாள் பைரோஜா.

கம்பெனிச் சாவியைக் குழாய் உருட்டும் வள்ளித்தாயிடம் கொடுத்துவிட்டு விடியற்காலையில் கிளம்பி, விருதுநகரில் நிஜாமின் சாமான்களை ஏற்றிக்கொண்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் தேக்சாக்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன. யாஸ்மின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு வந்தாள்.

"பயமா இருக்காடி?"

"ரோட்டப் பாத்து இல்ல. அங்க போயி என்ன பேசுறதுன்னுதான்."

"பேச வேண்டியது இருந்தா நான் பேசுறேன்."

மேலே, மிளகுக் கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே வரிசையாகக் கூடாரங்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும். வண்டியிலிருந்து பைரோஜா இறங்கினாள். சிலர் சலாம் சொன்னார்கள். சிலர் தேக்சாக்களைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். சுஃபியானின் அம்மா, அவளுடைய மாமி, வேகமாக வந்து கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"நல்லா இருக்கியாம்மா? ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாத. நீயும் புள்ளையும் சமையல் பக்கமே இருந்துக்கிருங்க. அந்தப் புள்ள பர்ஹத் சங்கடப்படுவா."

பைரோஜா தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"மாமி, நான் ஒங்க வீட்டு மருமகளா இங்கன வரல. எங்க அத்தாவுக்குப் பொறந்தவளா வந்திருக்கேன். அதுக்கு ஜமாத்துல யாரும் தலாக் குடுக்க முடியாதுல்ல?"

பைரோஜா மகளைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் விரித்திருந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் பர்ஹத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் சாய்ந்திருந்த ரிஸ்வானா மட்டும் யாஸ்மினை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

குடும்பத்தில் மூத்தவர் முகம்மது நூகு, பைரோஜாவின் பெரியத்தா. அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் துஆ ஓதி முடித்ததும் நிஜாம் மைக்கைப் பிடித்தான். நூகுவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஓர் ஆள் எழுந்து தங்கள் பிள்ளைகளைச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. நூகுவின் வீடு முடிந்தது. இரண்டாமவர் வீடு முடிந்தது. மூன்றாமவர் பைரோஜாவின் அத்தா. அவர் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். அவருடைய ஒரே மகன் குவைத்தில் இருக்கிறான். நிஜாம் ஒரு நொடி தயங்கிவிட்டு, "அடுத்தது எங்க அத்தா வீடு" என்று ஆரம்பித்தான்.

பைரோஜா எழுந்தாள்.

"நிஜாமு, நடுவுல ஒரு வீட்ட விட்டுட்டியே."

எல்லோரும் திரும்பினார்கள். மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நூகு, "ஏலே, மைக்க அதுட்ட குடுலே" என்றார்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பைரோஜா பேசினாள். அத்தாவின் பெயரைச் சொன்னாள். அம்மாவின் பெயரைச் சொன்னாள். குவைத்தில் இருக்கும் தம்பியையும் அவன் பிள்ளைகளையும் சொன்னாள்.

"நான் பைரோஜா. திருத்தங்கல்ல குழாய்க் கம்பெனி வச்சிருக்கேன். தீபாவளிக்கு நீங்க வெடிச்ச வெடியில பாதி எங்க குழாய்தான்." யாரோ சிரித்தார்கள். கூட்டம் கொஞ்சம் இளகியது. "இது என் மக யாஸ்மின். பிளஸ் டூ படிக்கிறா. இவளுக்கு இந்தக் கூட்டத்துல ஒரு தங்கச்சி இருக்கா. ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசுனதில்ல. பெரியவுக எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுல இந்தப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கு? இன்னைக்குப் பேசிக்கிறட்டும். அதுக்குத்தான் மலை ஏறி வந்தேன்."

மைக்கை நிஜாமிடம் நீட்டினாள். சுஃபியான் கூட்டத்தின் கடைசியில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது ரிஸ்வானா அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிச் சத்தமாகக் கேட்டாள்: "நெசமாவே அக்காவாம்மா? என் அக்காவா?"

பர்ஹத் எழுந்தாள். அவளைத் தடுப்பதற்கென்று மாமி நீட்டிய கையை மெதுவாக விலக்கினாள். மகளை ஜமக்காளத்தின் குறுக்கே நடத்தி வந்து, யாஸ்மின் முன்னால் நிறுத்தினாள்.

"ஒன் அக்காதான். சலாம் சொல்லு."

ரிஸ்வானா சலாம் சொல்லவில்லை. "ஒங்களுக்கு மரம் ஏறத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றாள் யாஸ்மின். மரம் பக்கமே போகாதவள் அவள். அடுத்த நிமிஷம் இருவரும் கொய்யா மரத்தடியில் இருந்தார்கள். கூட்டம் பெருமூச்சு விட்டு அடுத்த வீட்டின் அறிமுகத்துக்குப் போனது.

மதியம் சாப்பாடு. நான்கு பேர் சேர்ந்து உண்ணும் பெரிய சஹன் தட்டுகளில் பிரியாணி வந்தது. பிள்ளைகள் இருவரும் பைரோஜாவின் தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான்காவது இடம் காலியாக இருந்தது. பர்ஹத் நின்றுகொண்டே இருப்பதைப் பைரோஜா பார்த்தாள்.

"உக்காரு பர்ஹத். ஆறிப்போகும்."

பர்ஹத் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பிள்ளைகள் பேச்சுதான் ஓடியது. பிறகு அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "நான் எத்தனையோ தரம் கேட்டேங்க்கா, யாஸ்மினக் கூட்டிக்கிட்டு வாங்கன்னு. நீங்கதான் அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டீகளாம்."

பைரோஜாவின் கை தட்டிலேயே நின்றது.

"நானா? சின்னவள ஒரு தடவ இங்கன கூட்டிக்கிட்டு வாங்கன்னு நான்தான் கேட்டேன். நீ விடமாட்டேங்கிறன்னு சொன்னாக."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். இரண்டு வரிசை தள்ளி சுஃபியான் வாளியும் கரண்டியுமாகப் பிரியாணிக்குத் தால்ச்சாக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மச்சான், கொஞ்சம் இங்கன வாங்க" என்றாள் பைரோஜா.

வந்தான். இரண்டு பெண்களும் ஒரே தட்டில் இருப்பதைக் கண்டதுமே அவனுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"நான் அனுப்ப மாட்டேன்னு சொன்னேனா?"

"இல்ல..."

"பர்ஹத் விடமாட்டேன்னு சொன்னாளா?"

"இல்ல பைரோஜா. ரெண்டு பக்கமும் ஏதாவது வம்பு வந்துரும்னு பயந்து... இப்படியே இருந்தாத்தான் நிம்மதின்னு நெனச்சேன்."

"யாருக்கு நிம்மதி?" என்று கேட்டது பர்ஹத்.

பைரோஜாவுக்குக் கோபம் வந்தது. ஏழு வருஷத்தை நினைத்தாள். கத்தலாம். கத்தினால் கூட்டமே எழுந்து வரும், சமாதானம் பேசும், மறுபடியும் பிள்ளைகளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ரிஸ்வானா தன் தட்டுப் பக்கத்திலிருந்த கறித்துண்டு ஒன்றை எடுத்து யாஸ்மின் பக்கம் தள்ளிவைத்தாள். அதைப் பார்த்ததும் பைரோஜா மூச்சை இழுத்து விட்டாள்.

"இனிமே பிள்ளைக விஷயத்துல நானும் பர்ஹத்தும் நேராப் பேசிக்கிருவோம். நடுவுல ஆள் வேண்டாம். சரியா?"

"சரி" என்றான் சுஃபியான்.

"அப்ப தால்ச்சாவ ஊத்துங்க. பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது, பாத்து."

அவன் குனிந்து ஊற்றினான். பர்ஹத் முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். பைரோஜாவும் சிரித்தாள். தூரத்திலிருந்து அதைப் பார்த்த மாமி, என்ன நடக்கிறது என்று புரியாமல் பக்கத்தில் இருந்தவளிடம் விசாரித்தாள்.

அரையாண்டு விடுமுறைக்கு ரிஸ்வானா திருத்தங்கலுக்கு வந்தாள். பர்ஹத்தே பஸ்ஸில் கூட்டிவந்து விட்டாள். அன்று கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. சாயங்காலம் வரை பேசக்கூட நேரமில்லை. வள்ளித்தாய்தான் வாசலில் நின்று அந்தச் சின்னவளைப் பார்த்து, "யாரும்மா இது புதுசா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுப் பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு, பைரோஜா எண்ணி முடிக்காத லோடுக்குத் திரும்பினாள்.